மணியை எடுத்தது நான்தான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா, இது நான் பார்த்தது இல்லை. எனக்குச் சொன்னது எங்கள் பள்ளி பி.இ.டி. சார் கோதண்டம். அவர் பார்த்தது கொஞ்சம், கேட்டது கொஞ்சம். எது எந்தக் கொஞ்சம் என்று கேட்டுக் கேட்டுப் பிரித்து வைத்திருக்கிறேன். நீங்கள் பெண்ணைக் கூத்தனேரி பள்ளியில் பதினொன்றாவது சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். சேர்க்கலாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம். நாளைக்கு வேறு யாராவது இதை உங்களிடம் சொன்னால், பஸ்ஸில் வந்த அந்த டீச்சர் மறைத்துவிட்டாளே என்று நினைப்பீர்கள். அதற்காகத்தான். பஸ்ஸும் இப்போதைக்கு நகர்கிற மாதிரி தெரியவில்லை.

நான் பேசுவது புத்தகம் மாதிரி இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். தமிழ் எம்.ஏ., பி.எட். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தது நான் மட்டும்தான். எங்கம்மா சொல்லும், "மனுசங்க மாதிரி பேசுடி, நோட்டீஸ் மாதிரி பேசாத." எனக்கு வரமாட்டேன் என்கிறது. இன்னொன்று, நான் பெர்மனென்ட் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட ஆள். அதனால் நான் சொன்னதாக யாரிடமும் சொல்ல வேண்டாம். சொன்னாலும் சரியாகச் சொல்லுங்கள்.

எங்கள் பள்ளியில் மணி என்று சொன்னது உண்மையில் மணி இல்லை. ஒரு தண்டவாளத் துண்டு. ஆபீஸ் ரூமுக்கு முன்னால் இருக்கிற வேப்பமரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். இரும்புக் கம்பியால் அடித்தால் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்குமாம். ஊர்க்காரர்கள் அதை வைத்துத்தான் மாத்திரை போட்டுக்கொள்வார்கள் என்று பி.இ.டி. சார் சொன்னார். மாத்திரை விஷயம் எனக்கு உறுதியில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், மரம் இருக்கிறது, மணி இல்லை.

தலைமையாசிரியர் அப்போதும் ஞானப்பிரகாசம் சார்தான், இப்போதும் அவர்தான். கணக்கு வாத்தியார். உடனே ஸ்டேஷனுக்குப் போனார். ஏட்டையா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டாராம். "அது சரி சார், தண்டவாளம் ஸ்கூலுக்கு எப்படி வந்துச்சு?"

எச்.எம். சாருக்குத் தெரியவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவருக்கும் தெரியாது. அதற்கு முன்னால் இருந்தவர் இறந்துவிட்டார்.

"ரயில்வே சொத்துங்க அது. திருடு போச்சுன்னு எழுதணும்னா, முதல்ல உங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு எழுதணும். எழுதட்டுமா?"

"வேணாங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அதனால் விசாரணையைப் பள்ளிக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்று முடிவானது.

மணி கிடைக்கும்வரை அதற்குப் பதிலாக பி.இ.டி. சார் விசில் ஊதினார். அதிலும் ஒரு சிக்கல். அவர் கிரவுண்டிலும் விசில்தான் ஊதுவார். ஊதினால் கிரவுண்டில் இருக்கிறவர்கள் பீரியட் முடிந்தது என்று வகுப்புக்கு ஓடுவார்கள், வகுப்பில் இருக்கிறவர்கள் விளையாட்டு என்று கிரவுண்டுக்கு ஓடுவார்கள். நடுவழியில் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டு நிற்கும். அவர் மறுபடி ஊதுவார். இது அவரே பார்த்தது, அதனால் நம்பலாம்.

இந்தச் சமயத்தில்தான் தமிழ் ஐயா அந்தப் பாடத்தை நடத்தினார். திருமாறன் ஐயா. எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர். பதினொன்றாவதுக்குக் கதைசொல்லி, நோக்குநிலை என்று நடத்தினார். ஒரே சம்பவத்தை யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்துக் கதையே மாறிவிடும், இல்லையா. அதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கக் கட்டுரை கொடுத்தார். மணி காணாமல் போனதை ஒருவர் 'நான்' என்று சொல்வதாக எழுத வேண்டும். யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். வீட்டில் எழுதிக்கொண்டு வரலாம்.

நல்ல பயிற்சி அக்கா. நானும் அதைத்தான் கொடுத்திருப்பேன்.

ஒரு பிள்ளை வேப்பமரமாக எழுதியது, பாரம் இறங்கியது என்று. ஒரு பையன் மணியாகவே எழுதினான், நாளெல்லாம் அடி வாங்கினேன், என்னை ஒருவர்கூட மெதுவாகத் தொட்டதில்லை என்று. ஒருத்தன் எச்.எம். சாராக எழுதினான். மற்ற எல்லோரும், அநேகமாக வகுப்பு முழுக்க, திருடனாக எழுதினார்கள். யோசித்துப் பாருங்கள், நமக்கே அதுதான் எழுதத் தோன்றும். மரமாக இருந்து என்ன செய்வது.

ஐயா ராத்திரி உட்கார்ந்து திருத்தினார். ரூபஸ்ரீ என்று ஒரு பெண். அவளுடைய கட்டுரைக்கு மட்டும் முழு மார்க். அடியில் சிவப்பு மையில், 'மிகச் சிறப்பு. அனுபவித்து எழுதியிருக்கிறாய். படிக்கிறவர் நம்புவார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

நோட்டுத் திருத்தம் சரியாக நடக்கிறதா என்று எச்.எம். பார்ப்பார் இல்லையா. அந்த வாரம் அவர் கையில் எடுத்தது பதினொன்றாவது தமிழ்க் கட்டு.

படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து தாள்கட்டை மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் டீ டம்ளர் கவிழ்ந்தது என்று பி.இ.டி. சார் சொன்னார். நீங்கள் அப்போது விசிலோடு வெளியில்தானே இருந்தீர்கள் என்று கேட்டேன். "ஜன்னல் வழியா பாத்தேன் டீச்சரம்மா," என்றார். அந்த அறைக்குக் கிரவுண்டு பக்கம் ஜன்னல் இருக்கிறது. பார்த்துக்கொண்டேன்.

"வகுப்பே ஒத்துக்கிட்டிருக்கு ஐயா," என்றாராம் எச்.எம். "ஒருத்தன்கூட மறுக்கல. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான். நீங்களும் கீழ கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"சார், அது கதைங்க சார்."

"மணி காணோம்கிறது கதையா?"

"அது நெசம்."

"அப்ப எங்கேருந்து கதை ஆரம்பிக்குது? அந்த வரியைக் காட்டுங்க."

ஐயா தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாராம். எனக்கும் அந்த இடம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பி.எட்.டில் சொல்லித் தரவில்லை.

அடுத்த நாளே பெற்றோரை வரச் சொல்லிவிட்டார். மரத்தடியில் பெஞ்சு போட்டு உட்காரவைத்து ஒவ்வொரு கட்டுரையாகப் படித்தார். ஒரு பையனுடைய அப்பா எழுந்து, "சார், இவன் வீட்டுல ஒரு கொடம் தண்ணி தூக்கமாட்டான். இவனா தூக்கினான்?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "தனியாவா தூக்கினேன்னு எழுதியிருக்கான்? அந்த இடத்தை இன்னொருக்கா படிங்க," என்றார். ஒரு அம்மா, "எம்பொண்ணு எடுத்தான்னே இருக்கட்டும் சார். கூட ஒரு பையன் வந்தான்னு போட்டிருக்குல்ல, அதை மட்டும் அடிச்சிருங்க," என்றது. இன்னொருவர் மகன் முதுகில் ஒன்று வைத்து, "எடுத்தியே, வித்தியே, வீட்டுக்கு என்னடா குடுத்த?" என்றார்.

எச்.எம். சார் கணக்கு வாத்தியார் என்று சொன்னேனே. ஒரு மணியை அத்தனை பேர் அத்தனை விதமாக எடுத்திருக்க முடியாது, அதனால் ஒரு விடைதான் சரி, மற்றதெல்லாம் தப்பு என்றார். கரும்பலகையை மரத்தில் சாய்த்து எல்லோர் பெயரையும் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்தார். ஹெலிகாப்டரில் கயிறு கட்டித் தூக்கியவனை அடித்தார். மணியைப் பல்லால் கவ்விக்கொண்டு சுவர் ஏறியவனை அடித்தார். மாட்டுவண்டியில் ஏற்றியவன்மேல் சந்தேகப்பட்டு, ஊரில் யாரிடமாவது மாட்டுவண்டி இருக்கிறதா என்று ஆள் அனுப்பி விசாரித்து, இல்லை என்று தெரிந்ததும் அவனையும் அடித்தார். அப்படி அடித்துக்கொண்டே வந்ததில் கடைசியில் ஒரே ஒரு பெயர் நின்றது. ரூபஸ்ரீ.

அவள் கட்டுரையில் ஒரு தப்புகூட இல்லை.

சங்கிலியை அறுத்தால் சத்தம் கேட்கும், கொக்கியைத்தான் கழற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாள். விழுந்தால் ஓசை வராமல் இருக்க அடியில் ஈரச்சாக்கை மடித்துப் போட்டதாக எழுதியிருந்தாள். தண்டவாள இரும்பு சாதாரண இரும்பு மாதிரி இல்லை, ஆக்சா பிளேடு பல் போய்விடும், கேஸ் வைத்துத்தான் வெட்ட வேண்டும், வெட்டின துண்டைத் தனியாக அனுப்பினால் கேள்வி வரும், பழைய மோட்டார் இரும்போடு கலந்து லாரியில் ஏற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாள். நான் அதைப் படித்திருக்கிறேன் அக்கா. ஐயா ஒரு ஜெராக்ஸ் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு உவமை கிடையாது, அலங்காரம் கிடையாது. அந்த ஆளுக்கு இருக்கிற அலுப்புகூடத் தெரியும். 'இந்த வேலைக்கு இந்த ரேட்டு கட்டுப்படி ஆகாது' என்று ஒரு வரி வரும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ஈரச்சாக்கு மரத்தடியில கெடந்துச்சு," என்றார் எச்.எம். "அதை யாரும் பாக்கறதுக்கு முன்னாடி நான் எடுத்து என் ரூம்ல வச்சிருக்கேன். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அதுக்குப் பேருதான் சார் கற்பனை," என்றார் ஐயா.

"கற்பனைக்கு ரேட்டு எப்படிய்யா தெரியும்?"

"நல்ல எழுத்தாளனுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல சார்."

டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது என்று எச்.எம். சொல்லிவிட்டார்.

ரூபஸ்ரீயுடைய அம்மா நூறுநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தது. அந்த அம்மா அழவில்லையாம். நிதானமாகச் சொன்னதாம். "டி.சி. குடுத்தீங்கன்னா இவ படிப்பு இதோட சரிங்க சார். அடுத்த ஸ்கூலுக்கு ரெண்டு பஸ்சு மாறணும். இவங்கப்பன் இப்பவே ஒரு மாப்பிள்ளைய வச்சுக்கிட்டு, எப்படா படிப்பு நிக்கும்னு பாத்துட்டு இருக்காரு. மணி என்ன வெலையோ சொல்லுங்க. வட்டிக்கு வாங்கியாவது கட்டிடறேன்."

"நீ எடுத்தியாம்மா?" என்று எச்.எம். அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"இல்ல சார்."

"எடுத்தேன்னு எழுதியிருக்க."

"ஆமா சார்."

"எழுதுனது பொய்யா?"

அவள் ஐயாவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பி.இ.டி. சார் சொன்னார், ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடினாள் என்று. தன் படைப்பைப் பொய் என்று சொல்ல எந்த எழுத்தாளருக்கும் மனம் வராது என்று ஐயா அதற்கு விளக்கம் கொடுத்தாராம்.

"சார், எழுதுனது ரூபஸ்ரீ. அதுல பேசறது வேற ஆள்," என்றார் ஐயா.

"வேற ஆளா? யாரு? பேரைச் சொல்லுங்க, கூப்பிட்டு விசாரிக்கலாம்."

"அப்படி ஒரு ஆளே இல்லைங்க சார்."

"இல்லாத ஆளுக்கு எப்படிய்யா முழு மார்க் போட்டீங்க?"

பெற்றோர் பக்கமிருந்து ஒருவர், "கரெக்டான கேள்வி," என்றார்.

அப்போதுதான் ஐயா தாள்கட்டுக்குள் தேடி ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஒருத்தன் எச்.எம். சாராக எழுதினான் என்றேனே, அது. 'நான் இப்பள்ளியின் தலைமையாசிரியர். நான் வகுப்பறைக்குள் நுழைந்து பல வருடங்கள் ஆகின்றன. மணி காணாமல் போனதில் எனக்கு ஒரு நிம்மதி. மதியம் நாற்காலியில் கண்ணயரும்போது இனி யாரும் தலைக்கு மேல் அடிக்கமாட்டார்கள். அந்த நிம்மதிக்காகத்தான் நானே அதைக் கழற்றினேன்.'

எச்.எம். அதைச் சத்தமாகத்தான் படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியிலேயே குரல் இறங்கி, கடைசியில் உதடு மட்டும் அசைந்தது.

"இதை யாரு எழுதினது?"

"உங்க கணக்குப்படி நீங்கதான் சார்," என்றார் ஐயா. "நான்னு போட்டிருக்கு. அந்த நான் தலைமையாசிரியர்னும் போட்டிருக்கு. இதையும் வாக்குமூலமா எடுத்துக்கறதா, இல்ல கதையா விட்டுடறதான்னு நீங்களே சொல்லுங்க. எதைச் சொன்னாலும் எல்லாத் தாளுக்கும் ஒரே விதிதான்."

எச்.எம். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார். அந்தத் தாளைத் தள்ளி வைத்தார், கிட்டே இழுத்தார். மதியச் சாப்பாட்டு நேரம் வந்து போனது. அடிக்க மணி இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. விசில் ஊத வேண்டிய பி.இ.டி. சார் மரத்தடியை விட்டு நகரவில்லை.

கடைசியில் எச்.எம். தீர்ப்புச் சொன்னார். டி.சி. கிடையாது. ஆனால் இனிமேல் கூத்தனேரி மேல்நிலைப் பள்ளியில் மாணவர் யாரும் 'நான்' என்று எதையும் எழுதக் கூடாது. எல்லாவற்றையும் 'அவன்', 'அவள்' என்றுதான் எழுத வேண்டும். யார்மேலும் பழி வராது. சுற்றறிக்கையாகப் போட்டு எல்லா வகுப்பிலும் படித்தார்கள். நீங்கள் சேர்த்தால் உங்கள் பெண்ணுக்கும் அது உண்டு. இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

அதனால் எங்கள் பள்ளியில் லீவ் லெட்டர் 'அவனுக்குக் காய்ச்சல் என்பதால் அவனுக்கு விடுப்பு அளிக்குமாறு அவன் கேட்டுக்கொள்கிறான்' என்றுதான் வரும். ஆரம்பத்தில் குழப்பமாக இருந்தது. யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டால், "அவனுக்குத்தான் மிஸ்," என்று சொல்லிவிட்டுக் காய்ச்சலோடு நிற்பான். 'அவளுடைய அக்காவுக்குத் திருமணம்' என்று வந்த ஒரு லெட்டருக்கு வேறொரு பிள்ளை லீவ் எடுத்துக்கொண்டது. காலைக் கூட்டத்தில் சொல்கிற உறுதிமொழிக்கு மட்டும் விலக்கு உண்டு. இதெல்லாம் நானே பார்த்தது, இதில் கலப்பு இல்லை.

ஐயாவை அந்த வருடமே பணிநிரவல் என்று தூரத்துப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். இதற்காகத்தான் மாற்றினார்கள் என்று பி.இ.டி. சார் சொல்கிறார். அப்படி இல்லாமலும் இருக்கலாம். புது மணி வாங்கினார்கள், கரண்ட் மணி. கரண்ட் இருந்தால் அடிக்கும்.

நான் வந்ததிலிருந்து நோக்குநிலை பாடத்துக்கு ரூபஸ்ரீ கட்டுரையைத்தான் மாதிரியாகக் காட்டுகிறேன். பாருங்கள், நம் பள்ளியில் படித்த ஒரு பெண், தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவனுக்குள்ளே புகுந்து எப்படி எழுதியிருக்கிறாள் என்று சொல்வேன். அவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள் அக்கா. நல்ல மார்க். கள்ளக்குறிச்சியில் பி.காம். படிக்கிறாள். அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது.

போன மாதம் ஏதோ சான்றிதழ் வாங்க வந்திருந்தாள். நான் ஓடிப்போய் அறிமுகப்படுத்திக்கொண்டு, இப்போதும் எழுதுகிறாயா என்று கேட்டேன்.

முழித்தாள். "என்ன மிஸ் எழுதறது?"

கட்டுரையைச் சொன்னேன். சிரித்துவிட்டாள். "ஐயோ அதுவா. அது நான் எழுதல மிஸ். எனக்கு ஒரு வரிகூட வரல. மாமா வீட்டுல உக்காந்து முழிச்சுட்டு இருந்தேன். எங்க மாமா, குடு இங்கன்னு தலைப்பை வாங்கிப் பாத்துட்டு விறுவிறுன்னு சொல்லிக்கிட்டே போனாரு. அப்படியே எழுதிட்டு வந்துட்டேன்."

நான் விடவில்லை. "டி.சி. கொடுக்கிறேன் என்றார்களே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே?"

"எப்படி மிஸ் சொல்றது? அடுத்தவங்க சொல்லி எழுதினேன்னு தெரிஞ்சா ஐயா மார்க்கைக் குறைச்சிருப்பாரு. தமிழ்ல எனக்கு அதுவரைக்கும் முழு மார்க் வந்ததே இல்ல."

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை அக்கா. பிள்ளைகளிடம் ஒரு தப்பான தகவலை இத்தனை நாள் சொல்லியிருக்கிறேன். மாதிரிக் கட்டுரை என்று காட்டுகிறோம், எழுதியவர் பெயராவது சரியாக இருக்க வேண்டாமா? ஒரு தரம் கேட்டதை வைத்துத் திருத்தவும் மனம் ஒப்பவில்லை. நேரில் போய் உறுதி செய்துகொள்வோம் என்று சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

மாமா பெயர் குணசீலன். சின்னசேலம் ரோட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், கடையில் கேஸ் கட்டர் ஓடிக்கொண்டிருந்ததை எனக்காக நிறுத்தச் சொல்லி, ஸ்டூல் போட்டு, டீ வரவழைத்தார். கட்டுரையைப் பற்றிக் கேட்டதும் கட்டர் பிடித்திருந்த பையனை வெளியே அனுப்பிவிட்டார். கூச்சம் போலிருக்கிறது. "சும்மா ஒரு கற்பனைதாங்க டீச்சர்," என்றார். இவ்வளவு கற்பனை வளத்தை வைத்துக்கொண்டு ஏன் எழுதாமல் இருக்கிறீர்கள் என்று உரிமையோடு கடிந்துகொண்டேன். அவர் எழுந்து வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அவர் வேறு ஏதாவது எழுதி எங்காவது வைத்திருக்கிறாரா என்று வீட்டுக்கும் போய் அவர் மனைவியிடம் விசாரித்தேன். அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, ஒரு வரிகூட இல்லை.